மாக்டெபுர்க்கில் படிக்க வருகிறவர்களுக்கு: சில கேள்விகள், பதில்கள்

கிழக்கு ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் மாக்டெபுர்க், சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தின் தலைநகர். இங்குள்ள ஓட்டோ ஃபொன் கெரிக்கே பல்கலைக்கழகம் 1993இல் மூன்று பழைய நிறுவனங்களை இணைத்து உருவான அரசுப் பல்கலைக்கழகம். இங்கே முதுநிலை படித்து முடித்து, இங்கேயே வேலையில் இருக்கிறேன். குளிர்காலப் பருவத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

திருநெல்வேலி, மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர்: அண்ணா, இங்கே கல்விக் கட்டணமே இல்லை என்பது உண்மையா? ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார்.

உண்மைதான் தம்பி. ஆனால் ஜெர்மனி முழுவதும் அப்படியில்லை. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மாக்டெபுர்க்கில் அந்தக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு ஒருமுறை ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டும் கட்ட வேண்டும்.

மூன்று லட்சத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நம் பட்டச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும், இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமான ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு 18,000 ரூபாய். பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. இரண்டையும் வீட்டிலிருந்தே நீங்களே செய்துவிடலாம். தனியார் கல்லூரிகளிடம் கமிஷன் வாங்கும் ஏஜென்ட்டுகள், இலவசமாகப் படிக்கக்கூடிய பிள்ளையைக் கட்டணக் கல்லூரியில் தள்ளிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் அப்பா நிலத்தை அடகு வைத்திருந்தார்.

கரூர் மாணவி: என் சி.ஜி.பி.ஏ. 7.8. போதுமா?

ஜெர்மனியில் 1.0 மிக நல்ல மதிப்பெண், 4.0 வெறும் தேர்ச்சி. மாற்றும் கணக்கு இதுதான்: உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழியுங்கள். அதை உச்ச மதிப்புக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். உச்சம் 10, தேர்ச்சி 5 என்றால் உங்களுக்கு 2.32 வரும். பல படிப்புகள் 2.5 வரை ஏற்கின்றன. எனவே துணிந்து விண்ணப்பிக்கலாம்.

சேலத்திலிருந்து ஒரு தாய்: வங்கிக் கணக்கில் முன்கூட்டியே பணம் காட்ட வேண்டுமாமே? மிச்சத்தை மகன் பகுதிநேர வேலையில் சம்பாதித்துக்கொள்வான் அல்லவா?

அம்மா, அதை பிளாக்டு அக்கவுன்ட் என்பார்கள். ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். இன்றைய மதிப்பில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். அது உங்கள் மகனின் பணம்தான், மாதம் 992 யூரோவாக அவன் கைக்கே திரும்பி வரும். மாணவர் விடுதியில் இடம் கிடைத்து, சமைத்துச் சாப்பிட்டால் இந்த ஊரில் அதற்குள் வாழ்ந்துவிடலாம். மியூனிக்கில் அது மிகக் கடினம். சிறிய ஊரின் பெரிய வசதி இதுதான்.

மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் மாதம் 140 யூரோவுக்கு மேல் போகும். விலை குறைவு என்று தனியார் காப்பீட்டில் சேர வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். ஒருமுறை அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது.

வேலை விஷயத்தில் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. பல்கலைக்கழகத்திலேயே மாணவர் உதவியாளராக இருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. இங்கே அதை ஹிவி வேலை என்பார்கள். ஆனால் ஜெர்மன் தெரியாதவனுக்கு இந்த ஊரில் கிடைப்பது பெரும்பாலும் கிடங்கில் இரவு வேலைதான். இரவு முழுவதும் பெட்டி அடுக்கிவிட்டுக் காலை எட்டு மணி வகுப்பில் தூங்கும் பிள்ளைகளை நான் அறிவேன். முதல் ஆண்டுச் செலவை அந்த வேலையை நம்பித் திட்டமிடாதீர்கள், அம்மா.

கோவை மாணவர்: அறை கிடைப்பது கடினமா?

விடுதிக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். வெளியே தேடும்போது விளம்பரத்தில் இரண்டு தொகை இருக்கும். கால்ட் என்பது வெறும் வாடகை, வார்ம் என்பது வெப்பமூட்டலும் சேர்ந்தது. முன்பணம் சட்டப்படி மூன்று மாதக் கால்ட் வாடகையைத் தாண்டக் கூடாது. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று யார் எழுதினாலும் அது மோசடி.

இன்னொன்று, யாரும் சொல்லித் தராதது. குடியேறிய அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்ப்பார். நான் வந்த புதிதில் என் பெட்டியில் முன்பு குடியிருந்தவரின் பெயர்தான் இருந்தது. வங்கி அட்டையின் ரகசிய எண், காப்பீட்டுக் கடிதம், வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் சந்திப்புக்கான நாள், எல்லாம் திரும்பிப் போய்விட்டன. மூன்று வாரம் கையில் பணமில்லாமல் பக்கத்து அறைத் தெலுங்குப் பையனின் சோற்றில் வாழ்ந்தேன். கடைசியில் ஒரு நோட்டுத்தாளைக் கிழித்துப் பெயரெழுதி ஒட்டினேன். மறுநாளே கடிதம் வந்தது.

திருச்சி மாணவர்: இங்கே அரியர் போல எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாமா?

முடியாது. இந்த ஒரு கேள்விக்காகவே இவ்வளவும் எழுதத் தோன்றியது. பெரும்பாலான படிப்புகளில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தவறினால் பல்கலைக்கழகம் உங்கள் பெயரை நீக்கும். அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் அநேகமாக நடக்காது. படிப்புக்காகத் தந்த குடியிருப்பு அனுமதியும் ஆட்டம் காணும்.

நம் ஊரில் வருகைப் பதிவு, உள்மதிப்பீடு, மாதிரித் தேர்வு என்று யாராவது பின்னால் நின்று தள்ளிக்கொண்டே இருப்பார்கள். இங்கே பேராசிரியர் வருகை எடுக்கமாட்டார். பிப்ரவரியில் வரும் ஒரே தேர்வு முழு மதிப்பெண்ணையும் முடிவு செய்யும். தேர்வுக்கு இணையத்தில் நீங்களே பதிய வேண்டும், தயார் இல்லையென்றால் குறித்த நாளுக்குள் நீங்களே விலக வேண்டும். விலகினால் வாய்ப்பு குறையாது. விலகாமல் வராமல் இருந்தால் ஒரு வாய்ப்பு போய்விடும். முதல் பருவத்தில் ஆறு பாடம் எடுத்துத் திணறாமல் நான்கு எடுங்கள்.

நாகர்கோவில் மாணவி: படிப்பே ஆங்கிலவழிதானே, ஜெர்மன் எதற்கு?

வகுப்பறைக்குள் தேவையில்லை. நகராட்சியில், மருத்துவரிடம், வேலை நேர்காணலில் தேவை. பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். பெர்லினில் ஆங்கிலத்தை வைத்தே வேலை தேடலாம். இந்த மாநிலத்தின் இயந்திர, ரசாயனத் தொழிற்சாலைகளில் அது எடுபடாது. ஊரிலேயே ஜெர்மன் மொழியில் பி1 நிலை, அதாவது ஆறு படிகளில் மூன்றாவதை, முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். வந்தபின் படிக்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பெரும்பாலும் படிக்கவே இல்லை.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது. பாதுகாப்பான ஊரா?

ஐயா, மறைக்காமல் சொல்கிறேன். 2024 டிசம்பர் 20 அன்று இங்கே கிறிஸ்துமஸ் சந்தைக்குள் ஒருவர் காரை ஓட்டி ஆறு பேரைக் கொன்றார். ஓட்டியவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். அதன்பின் சில வாரங்கள் டிராமில் எங்களை முறைத்தவர்கள் உண்டு, திட்டியவர்களும் உண்டு. குடியேறிகளுக்கு எதிரான அரசியலுக்கு இந்த மாநிலத்தில் ஆதரவு அதிகம். அதே வாரம் என் மாடிவீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, 'சாப்பிட்டாயா, வெளியே கவனமாகப் போ' என்று ஒரு தட்டு கேக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டும் இந்த ஊர்தான். மகள் பல்கலைக்கழகத்தை ஒட்டிய விடுதியில் தங்கட்டும், இரவில் தோழிகளுடன் வரட்டும். நான் என் தங்கையை வரவழைத்திருக்கிறேன்.

ஈரோடு மாணவர்: 2026 அக்டோபர் 3 காலை வந்து இறங்குகிறேன். என்ன கொண்டு வர?

அன்று ஜெர்மன் ஒருங்கிணைப்பு நாள், அரசு விடுமுறை. சனிக்கிழமை வேறு. மறுநாள் ஞாயிறு. இரண்டு நாளும் கடைகள் பூட்டியிருக்கும், ரயில் நிலையக் கடைகள்தான் கதி. குளிர் ஜாக்கெட்டை இங்கே வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய குக்கர், இரண்டு கிலோ அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, இவை கட்டாயம். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக நகராட்சியில் முகவரிப் பதிவுக்கு நாள் வாங்குங்கள்.