சூழல் கேள்வி – பதில்: யாருடைய புகை, யார் கணக்கில்?

கேள்வி: விவாதப் போட்டிக்கு மாணவர்கள் நாடுகளின் காபன் வெளியீடு பற்றிய இரண்டு அட்டவணைகளோடு வந்தார்கள். ஒன்றில் இலங்கையர் ஒருவருக்கு ஆண்டுக்கு 0.25 தொன், மற்றதில் 0.9 தொன். எதை நம்புவது? சீனாதான் முதல் குற்றவாளி என்று ஓர் அணி வேறு அடித்துப் பேசுகிறது.
– ஓர் ஆசிரியர், ஹட்டன்

பதில்: இரண்டும் ஒரே கணக்குத்தான் சேர். முதலாவது காபனின் நிறை, மற்றது காபனீரொட்சைட்டின் நிறை. 12 கிலோ காபன் முழுதாக எரிந்தால் 44 கிலோ காபனீரொட்சைட்டு வரும். 0.25ஐ 3.67ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.92 வரும். 'காபனீரொட்சைட்டுச் சமவலு' என்று தலைப்பிருந்தால் பூமியைச் சூடாக்கும் மற்ற வாயுக்களான மெதேனும் நைதரசு ஒட்சைட்டும் சேர்ந்திருக்கும். அந்த எண்ணை இவற்றோடு ஒப்பிட்டால் விவாதம் முதல் நிமிடத்திலேயே கவிழ்ந்துவிடும்.

சீனா 2023இல் ஏறத்தாழ 1,200 கோடி தொன் காபனீரொட்சைட்டு வெளியிட்டது. அமெரிக்கா 500 கோடிக்குச் சற்றுக் குறைவு. தலைக்குப் பிரித்தால் சீனருக்கு 8 தொன் சொச்சம், அமெரிக்கருக்கு 14 சொச்சம், இந்தியருக்கு 2. தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து கூட்டினால் உலகப் புகையில் கால்வாசி அமெரிக்காவினுடையது. இந்த வாயு நூற்றாண்டுக் கணக்கில் வளியில் தங்கும். கொப்பியில் பழைய பாக்கி இருக்க, இந்த மாதச் சாமானுக்கு மட்டும் கணக்குப் பார்க்க எந்தக் கடைக்காரர் சம்மதிப்பார்? ஆகவே பொறுப்பைப் பற்றிப் பேசினால் திரண்ட கணக்கு, வாழ்க்கை முறையைப் பற்றிப் பேசினால் தலைக்கணக்கு. மொத்தக் கணக்கு, எங்கே குறைத்தால் உலகத்துக்கு அதிகம் பயன் என்பதை மட்டுமே சொல்லும்.

இன்னொன்று: தலவாக்கலையில் தேயிலை அரைக்கச் செலவாகும் மின்சாரத்தின் புகை இலங்கைக் கணக்கில் விழுகிறது, தேத்தண்ணீர் குடிப்பவர் வெளிநாட்டில் இருந்தாலும். நுகர்வுக் கணக்கு அதைக் குடிப்பவர் பக்கம் மாற்றும். அப்படிப் பார்த்தால் சீனாவின் அளவு பத்திலொரு பங்கு போல இறங்கும், பிரித்தானியாவினுடையது நன்றாகவே ஏறும். கொழும்பிலிருந்து தேயிலை கொண்டுபோகும் கப்பலின் எரிபொருளோ எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது; தனியாகத்தான் குறிக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்த விறகுதான் எரிக்கிறார்கள். அந்தப் புகை கணக்கில் வருமா?
– ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: வரும், ஆனால் வேறு பக்கத்தில். விறகின் காபனீரொட்சைட்டை எரிசக்தித் துறையின் மொத்தத்தில் கூட்டமாட்டார்கள். மரம் வெட்டுப்படுவதை நிலப்பயன்பாட்டுப் பகுதியில் இழப்பாக எழுதுவார்கள். வெட்டிய இடத்தில் டர்பன்டைன் மரம் மீண்டும் வளர்ந்தால் காலப்போக்கில் அது நேராகும். நட்டு வளர்க்காவிட்டால் இழப்பு இழப்புத்தான். விறகு எரியும்போது வரும் மெதேனும் நைதரசு ஒட்சைட்டும் எரிசக்திக் கணக்கிலேயே சேரும். நிலப்பயன்பாட்டை விட்டுவிட்ட அட்டவணையில் விறகு எரிக்கும் நாடு உள்ளதைவிடச் சுத்தமாகத் தெரியும்.

கேள்வி: ஒப்பிட எந்த ஆண்டை எடுப்பது?
– ஒரு மாணவர், பண்டாரவளை

பதில்: ஒற்றை ஆண்டை எடுக்காதீர்கள் தம்பி. மழை பொய்த்துக் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்மின் தேக்கங்கள் வற்றினால், மின்சாரத்துக்காக நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியும் மற்ற நிலையங்களின் எண்ணெயும் கூடுதலாக எரியும். 2022இல் டீசல் வரிசையில் நின்றோமே, அந்த ஆண்டின் குறைவைச் சாதனையாக எழுதிவிடாதீர்கள். ஐந்தாண்டுச் சராசரி எடுங்கள், இரு நாட்டுக்கும் அதே ஐந்தாண்டுகளாக இருக்கட்டும்.