படித்திறனின் குறி ஏன் பிழைக்கிறது?

கேள்வி: க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் என் மகளிடம் இரண்டு புள்ளிகளைத் தந்து நேர்கோட்டின் சமன்பாட்டைக் கேட்டால், படித்திறனின் (கோட்டின் சாய்வின்) எண் சரியாக வருகிறது. குறி மட்டும் அடிக்கடி பிழைக்கிறது. எப்படித் திருத்தலாம்?
– ஒரு தாய், திருக்கடலூர், திருகோணமலை

பதில்: எண் சரியாகிக் குறி மட்டும் பிழைப்பதைப் பார்த்தால், பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிக்கும் ஆரம்ப வகுப்புப் பழக்கம் மகளை இன்னும் விடவில்லை என்றே எனக்குப் படுகிறது.

உங்கள் ஊருக்குப் பழக்கமான கணக்கொன்றையே எடுப்போம். கடலுக்குப் போன படகில், 2 மணித்தியாலம் ஓடிய பின் 17 லீற்றர் மண்ணெண்ணெயும் 5 மணித்தியாலம் ஓடிய பின் 5 லீற்றரும் மிஞ்சியுள்ளன என்றும், எண்ணெய் ஒரே சீராக எரிகிறது என்றும் கொள்வோம். வரிசைப்பட்ட சோடிகள் (2, 17), (5, 5). முதலில் நிற்பது நேரம், அடுத்தது எண்ணெய். படித்திறன் காண, எண்ணெயின் வித்தியாசத்தை மேலேயும் நேரத்தின் வித்தியாசத்தைக் கீழேயும் எழுதி வகுக்க வேண்டும். மகள் மேலே 17 − 5 என்றும் கீழே 5 − 2 என்றும் எழுதி 4 என்று விடை காண்பார். மேலே முதற் சோடியிலிருந்து தொடங்கியவர் கீழே இரண்டாவதிலிருந்து தொடங்கிவிட்டார். அந்த விடைப்படி படகு ஓட ஓட எண்ணெய் கூட வேண்டும்! எந்தச் சோடியிலிருந்து தொடங்கினாலும் பிழையில்லை, ஆனால் மேலும் கீழும் அதே சோடியிலிருந்தே தொடங்க வேண்டும்: (5 − 17) ÷ (5 − 2) = −4. திருப்பிச் செய்தாலும், (17 − 5) ÷ (2 − 5) என்பது −4 தான். ஆகவே, கழிக்கத் தொடங்குமுன் சோடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, தொடங்கும் சோடியைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள்.

இனி, எண்ணெய் = −4 × நேரம் + வெட்டுத்துண்டு. முதற் சோடியைப் பிரதியிட்டால் 17 = −8 + வெட்டுத்துண்டு; எனவே வெட்டுத்துண்டு 25, அதாவது புறப்படும்போது இருந்த எண்ணெய். மற்றச் சோடியைக் கட்டாயம் பிரதியிட்டுச் சரிபார்க்க வேண்டும்: −20 + 25 = 5. குறி பிழைத்திருந்தால் இந்த வரி பொருந்தாது. பரீட்சையில் அரை நிமிடமும் ஆகாத இந்தச் சோதனையை நான் எந்தப் பிள்ளைக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

(−1, 8), (3, −4) போல மறை எண்கள் வந்தால் அடைப்பைக் கைவிட வேண்டாம்: கீழே 3 − (−1) = 4, மேலே −4 − 8 = −12, படித்திறன் −3.