கிரெடிட் கார்டு கேட்டால் வங்கி ஏன் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்க்கிறது?

கிரெடிட் ரிப்போர்ட் என்பது நீங்கள் வாங்கிய கடன்களின் வரலாறு. எவ்வளவு பாக்கி, எந்தத் தவணை எத்தனை நாள் தாமதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். சிபில் உட்பட 4 நிறுவனங்கள் இந்தியாவில் இதைத் தொகுக்கின்றன.

மதுரை கீழமாசி வீதியில் புதிதாக ஒருவர் வந்து கடனுக்குச் சரக்கு கேட்டால், மொத்தக் கடைக்காரர் முதலில் பக்கத்துக் கடையில்தான் விசாரிப்பார்: "ஆள் எப்படிண்ணே, சொன்ன தேதிக்குப் பணம் வந்துருமா?" பெரும்பாலான கார்டுகளுக்கு அடமானம் கிடையாது. திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தான் கொடுக்கிறார்கள். அதனால் வங்கியும் இதே விசாரணையைச் செய்கிறது.

இந்தக் கடன் வரலாற்றை வைத்து அந்த நிறுவனங்கள் 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடும். வங்கி அதோடு நிற்பதில்லை. இருக்கிற கார்டின் வரம்பை முழுக்கத் தொடுகிறீர்களா, சமீபத்தில் எத்தனை இடத்தில் கடன் கேட்டீர்கள் என்றும் பார்ப்பார்கள். ஒரே மாதத்தில் நாலைந்து வங்கிகளில் விண்ணப்பித்தால் கைநெருக்கடி என்றே தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நகைதான் அடகில் இருக்கிறதே என்று வங்கி நகைக்கடனைக் கெடு தாண்ட விடுவோரும் உண்டு. அதுவும் பதிவாகும். சம்பளத்தைத் தனியாகக் கேட்பார்கள்.

நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். குறையாது, ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஆண்டுக்கு 1 முறை இலவசமாகவே வாங்கலாம்.