காலையில் துலக்கினால் மட்டும் போதுமா? மும்பை வாசகர்களின் பல் கேள்விகள்

விடிவதற்குள் எழுந்து பல் துலக்கிவிட்டு லோக்கல் ரயில் பிடிக்க ஓடுகிறேன். ஆபீஸில் நாளைக்கு ஆறேழு கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ), கூடவே காரி பிஸ்கட். இனிப்புப் பலகாரம் பக்கமே போவதில்லை. ஆனாலும் கடைவாயில் மூன்று பல் சொத்தை என்கிறார் டாக்டர். எப்படி?
வாசகர், டோம்பிவிலி

எவ்வளவு சர்க்கரை சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட, எத்தனை தடவை என்பதுதான் பல்லைப் பாதிக்கிறது. பல்லின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலத்தில் உள்ள கிருமிகள் சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே அமிலம் சுரக்கும். அந்த இடத்தில் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேலோடான எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்து கரையும். பிறகு எச்சில் அமிலத்தைச் சமன்படுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஏழு சாய் என்றால் ஏழு தடவை இது நடக்கிறது. காரி பிஸ்கட்டில் இனிப்பு இல்லாவிட்டாலும் அது மைதாதான். மென்றதும் பசைபோலக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். எச்சில் அதைக் கரைத்து இறக்க வெகுநேரம் பிடிக்கும்.

சர்க்கரை போட்ட சாயை மூன்றாகக் குறையுங்கள். அதையும் சாப்பாடு, டிபனோடு சேர்த்துக் குடித்துவிடுங்கள். மேஜையில் வைத்து அரை மணி நேரம் உறிஞ்சுவதுதான் ஆக மோசம். நடுவில் குடித்தே ஆக வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாமல் குடியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாய்த் தண்ணீரைக் கொப்பளித்து விழுங்குங்கள்.

இரவில் துலக்குவது பற்றி நீங்கள் எழுதவே இல்லை. தூங்கும்போது எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடும். ராத்திரி சாப்பாட்டின் மிச்சம் பல்லிடுக்கில் இருந்தால் விடியும்வரை கிருமிகளுக்குத் தடை கிடையாது. ஒரு வேளைதான் துலக்க முடியும் என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வேளை இரவாக இருக்கட்டும் என்றுதான் நாங்கள் சொல்வோம். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டியதில்லை. முடித்ததும் நுரையைத் துப்புங்கள், அவ்வளவுதான். தண்ணீர் விட்டு நான்கு தடவை கொப்பளிக்கும் பழக்கம் நம்மில் எல்லோருக்கும் உண்டு. அது பல்லின் மேல் தங்கி வேலை செய்ய வேண்டிய ஃப்ளோரைடைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அதன்பின் குடிப்பது தண்ணீர் மட்டுமே, பாலும் கூடாது.

ஈறில் ரத்தம் வருகிறது. கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். அவருக்கு அப்படித்தான் ஆயிற்றாம். செய்யலாமா?
வாசகி, மாட்டுங்கா

தாராளமாகச் செய்யலாம். உங்கள் அக்கா பொய் சொல்லவில்லை. ஆனால் காரணம் வேறு. துலக்காமல் விட்ட படலம் சில நாட்களிலேயே எச்சிலில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து இறுக ஆரம்பிக்கும். அதுதான் பற்காரை. முதலில் கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில், எச்சில் சுரப்பியின் வாய் இருக்கும் இடத்தில் சேரும். நாக்கு நுனியால் தடவினால் சொரசொரப்பாகத் தெரியும். காரை ஈறுக்கடியில் இறங்க இறங்க, ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. ஈறு விலகி உண்டான இடைவெளியைக் காரையே அடைத்துக்கொண்டிருக்கும், ஆடும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு பிடித்தும் வைத்திருக்கும். எடுத்தவுடன் ஏற்கெனவே நடந்த சேதம் கண்ணுக்குத் தெரிகிறது. பயந்து தள்ளிப்போட்டால் எலும்பு இன்னும் கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. ஸ்கேலிங் (காரை எடுக்கும் கிளீனிங்) முடிந்து சில நாள் பல் கூசுவது சகஜம்.

ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள். மென்மையான இழையுள்ள பிரஷை எடுத்து, பாதி பல்லிலும் பாதி ஈறு விளிம்பிலுமாக 45 டிகிரி சாய்த்து வையுங்கள். பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். இருந்த இடத்திலேயே பத்துப் பதினைந்து முறை சின்னச் சின்ன அசைவாக ஆட்டிவிட்டு, அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். கட்டைப் பிரஷால் குறுக்காக இழுத்துத் தேய்ப்பவர்களுக்கு ஈறோரத்தில் 'வி' வடிவப் பள்ளம் விழுந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுரீரென்று இழுக்கும். மூன்று மாதத்துக்குள் பிரஷின் இழை விரிந்துவிட்டால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டு பல் ஒட்டும் பக்கங்களுக்குள் எந்தப் பிரஷும் நுழையாது. முழங்கை நீளத்துக்கு ஃப்ளோஸ் நூலை எடுத்து, இரு நடுவிரல்களிலும் சுற்றி, பல்லை வளைத்துப் பிடித்தபடி மேலும் கீழும் வழியுங்கள். பல் இடைவெளி பெரிதாக இருப்பவர்களுக்கு, குப்பி கழுவும் பிரஷ் போன்ற குட்டிப் பிரஷ் மருந்துக்கடையில் கிடைக்கும்; நூலைவிட அது நன்றாக வேலை செய்யும். ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ரத்தம் குறையும். குறையாவிட்டால் சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறும் ஆறாது. ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரையும் சுலபத்தில் இறங்காது.

செலவு கவலை என்றால், மும்பை சென்ட்ரலில் நாயர் மருத்துவமனை பல் மருத்துவக் கல்லூரியும், சிஎஸ்எம்டி ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. காலையிலேயே போய் ஓபிடி (புறநோயாளி) சீட்டு வாங்கிவிடுங்கள்.

என் மாமியார் இங்கே வந்த பிறகு மிஸ்ரி போடப் பழகிவிட்டார். பல்வலிக்கு நல்லது என்கிறார். எப்படி நிறுத்தச் சொல்வது?
வாசகி, தாராவி

மிஸ்ரி என்பது புகையிலையை வறுத்துக் கரியாக்கி அரைத்த பொடி. வலி குறைவதுபோல் தோன்றுவது நிகோடின் செய்யும் வேலை. அது ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ரத்தக் கசிவும் நின்றதுபோல் இருக்கும். உள்ளே நோய் முற்றிக்கொண்டே போகும். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதற்கு 1992லேயே இந்திய அரசு தடை விதித்துவிட்டது. ஆனாலும் வீட்டில் வறுப்பதை யார் தடுப்பது?

கோபித்துக்கொண்டால் ஒளித்துப் போடுவார். வலிக்கும் பல்லுக்கு முதலில் வைத்தியம் பாருங்கள், மிஸ்ரிக்கான காரணம் போய்விடும். ஒரு நாளைக்கு எத்தனை முறை போடுகிறார் என்று கவனித்து, ஒவ்வொரு வேளையாக பிரஷும் பேஸ்டும் கொடுத்து மாற்றுங்கள். முதல் வாரத்தில் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை வரும். சமாளிக்க முடியாவிட்டால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்து முன்பற்களுக்கிடையே நுழைக்கச் சொல்லுங்கள். அவருடைய மூன்று விரல் நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றாலோ, இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலோ, உடனே பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்; இவை வாய்ப் புற்றுநோய்க்கு முன்னறிகுறியாக இருக்கலாம். வெற்றிலையோடு பாக்கு மெல்லுபவர்களும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும்.

ஆறு வயது மகளுக்குக் கடைவாயில் சொத்தை. பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விடலாமா?
வாசகர், சயான் கோலிவாடா

முதலில் அது பால் பல்தானா என்று பாருங்கள். ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல், வாழ்நாள் முழுவதற்கும் அதுதான். பெற்றோர் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுவதால், நம் பிள்ளைகள் பலர் பெரியவர்கள் ஆவதற்குள்ளேயே அதை இழக்கிறார்கள். முன்னாலிருந்து எண்ணுங்கள்: ஒரு பக்கத்தில் ஐந்து பால் பல், ஆறாவது நிரந்தரப் பல். சொத்தை இல்லையென்றால் அதன் பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் என்ற பூச்சைப் பூசச் சொல்லுங்கள்.

பால் கடைவாய்ப் பல்லானாலும் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியது. முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அடியில் வரும் பல் கோணலாகும். ஏழெட்டு வயதுவரை இரவுத் துலக்கலை நீங்களே செய்துவிடுங்கள்.

சொந்த ஊர் தர்மபுரி. ஊரில் வளர்ந்த பெரியவனுக்குப் பல்லில் பழுப்புக் கறை, இங்கே பிறந்த சின்னவனுக்கு இல்லை. ஃப்ளோரைடு பேஸ்ட் வேண்டாம் என்கிறார் அவர்களின் தாத்தா.
வாசகர், செம்பூர்

கறைக்குக் காரணம் பேஸ்ட் இல்லை, ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரைச் சிறு வயதில் தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லிலேயே கறை படிந்துவிடும். எட்டு வயதுக்குப் பிறகு முன்பற்களுக்கு இந்த ஆபத்து அநேகமாக இல்லை. மும்பையில் குழாயில் வருவது ஏரித் தண்ணீர். இருவருக்கும் ஃப்ளோரைடு பேஸ்ட் தேவை. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் அரிசி அளவுதான். பெரியவனின் கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது, கரியும் உப்பும் போட்டு எனாமலைத் தேய்த்துவிடாதீர்கள். பல் மருத்துவர் மெருகேற்றியோ பூச்சுப் போட்டோ மறைத்துவிடுவார்.

அப்பாவின் பல் செட்டை ராத்திரி கழற்ற வேண்டுமா?
வாசகி, முலுண்டு

ஆமாம். கழற்றாமல் தூங்கினால் அண்ணத்தில் பூஞ்சை பிடித்துச் சிவந்துவிடும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், சோப்பும் மென்மையான பிரஷும் போதும். வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பி அதன் மேல் பிடித்துக் கழுவச் சொல்லுங்கள், கை நழுவினாலும் உடையாது. இரவெல்லாம் பச்சைத் தண்ணீரில் ஊறட்டும். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும், பிறகு வாயில் பொருந்தாது.