நேற்றுவரை கூட நின்று குலை வெட்டியவர் இன்று மண்டோர்: பெரட்டை எப்படி நடத்துவது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் எட்டு ஆண்டுகள் குலை வெட்டினேன். நான்கு மாதங்களுக்கு முன்பு என்னை மண்டோர் (ஆட்களை மேற்பார்க்கும் மேஸ்திரி) ஆக்கினார்கள். என் கீழே 24 பேர். பாதிப்பேர் என்னைத் தூக்கி வளர்த்த மாமாக்கள், சித்தப்பாக்கள், அக்காமார். மீதிப்பேர் இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தினர். பழுக்காத குலை அதிகம் வருகிறது என்று ஆலையிலிருந்து புகார் வந்தது. பெரட்டில், அதாவது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, எல்லாருக்கும் முன்னால் பெயர் சொல்லித் திட்டினேன். சில நாள் காய்க்குலை கண்ணிலேயே படவில்லை. பிறகு பார்த்தால் மட்டைக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மாமாக்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நிர்வாகியோ எனக்குக் கண்டிப்புப் போதாது என்கிறார். நான் கண்டிப்பாக இருப்பதா, அனுசரித்துப் போவதா?

பதில்: உங்கள் கடிதத்திலேயே முக்கியமான செய்தி அந்த மட்டைக் குவியலுக்கு அடியில்தான் கிடக்கிறது. திட்டுவதற்கு முன்பு காய்க்குலை, குலை அடுக்கும் மேடைக்கு வந்தது, எண்ண முடிந்தது, யார் வரிசை, எந்த மரம் என்று கேட்க முடிந்தது. திட்டியபிறகு அதே குலை மண்ணுக்குள் போகிறது. வெட்டுவது குறையவில்லை, உங்களுக்குத் தெரிவதுதான் குறைந்திருக்கிறது. ஆலைக்கும் நட்டம், தோட்டத்துக்கும் நட்டம், உங்கள் கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கும்.

இது உங்கள் தோட்டத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. ஹார்வர்டு பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். ஆனால் அந்தக் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணம் எளிது: அங்கே தாதியர் தவறைச் சொல்லப் பயப்படவில்லை. மற்ற இடங்களில் தவறு நடந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. எனவே 'கண்டிப்பா, அனுசரணையா' என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கெட்ட செய்தி உங்கள் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பாருங்கள். மண்டோருக்கு அதைவிடப் பெரிய அளவுகோல் கிடையாது.

பெரட்டிலிருந்து தொடங்குங்கள். விடியுமுன் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் அந்த வழக்கம், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி காலத்துச் சொத்து. அன்று வேலைக்கு வந்த ஆள் கணக்குப்படி கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஆளை மிரட்டியாவது களத்தில் நிறுத்துவது அவருடைய வருமானம். கங்காணி போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, தலைக்காசும் இல்லை. அந்தக் குரல் மட்டும் பல தோட்டங்களில் இன்னும் காலை ஐந்தரைக்கு ஒலிக்கிறது. உங்களை மண்டோர் ஆக்கியவர்கள் அந்தக் குரலையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெரட்டு ஐந்து நிமிடத்தில் முடியட்டும். இன்று எந்தப் பகுதி, யாருக்கு யார் ஜோடி, எங்கே மழையில் சரிவு வழுக்கும், எங்கே மின்கம்பி போகிறது. கடைசியில் சொன்னதை ஒருநாளும் விடாதீர்கள். அலுமினியக் கழியில் மாட்டிய அரிவாள் மின்கம்பியைத் தொட்டால் மனிதன் பிழைப்பது அரிது. அதோடு நேற்று நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுங்கள். 'எல்லாரும் நன்றாகச் செய்தீர்கள்' என்றால் யாருக்கும் ஒட்டாது. 'நேற்றுப் பெரியம்மா வரிசையில் ஓர் உதிரிப் பழம்கூடத் தரையில் இல்லை' என்று சொன்னால் மறுநாள் பத்துப் பேர் குனிந்து பொறுக்குவார்கள். குற்றத்தை மட்டும் பெயரோடு அங்கே சொல்லாதீர்கள்.

பெயர் சொல்லித் திட்டியது நடந்துவிட்டது. திட்டியது எல்லாருக்கும் முன்னால் என்பதால் சரிசெய்வதும் எல்லாருக்கும் முன்னால்தான் நடக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டு, தோளைத் தட்டி, கோப்பிக்கடையில் டீ வாங்கிக் கொடுத்து முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. பெரட்டில் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: 'அன்றைக்கு உங்களை எல்லார் முன்னிலையிலும் அப்படிப் பேசியது தவறு. இனிமேல் குறை இருந்தால் நேரில் வந்து கேட்பேன்.' அதற்குமேல் விளக்கம் வேண்டாம். 'ஆனால் நீங்களும்...' என்று ஒரு வார்த்தை சேர்த்தாலும் மொத்தமும் வீண்.

பிறகு காய்க்குலை ஏன் விழுகிறது என்று பாருங்கள். எட்டு ஆண்டு வெட்டிய உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனாலும் மண்டோர் ஆனவுடன் நம் கண்ணுக்குச் சில விஷயங்கள் மறைந்துபோகும். மலேசிய செம்பனை வாரியத்தின் தரப்பிரிப்பு விதிப்படி, பழுத்த குலை என்றால் குறைந்தது 10 பழமாவது உதிர்ந்த குழி அதில் இருக்க வேண்டும். அது ஆலை மேடையில் பார்க்கும் கணக்கு. வெட்டுகிறவர் உயரமான மரத்தடியில் நின்று, தரையில் எத்தனை பழம் விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார். முன்பிருந்த மண்டோர் ஒரு கணக்கு, நீங்கள் ஒரு கணக்கு, உதவி நிர்வாகி இன்னொரு கணக்கு சொன்னால் அவர் எதை நம்புவது? ஓர் எண்ணைத் தோட்டத்தில் கேட்டு முடிவுசெய்து எல்லாருக்கும் காட்டுங்கள். புல் வளர்ந்து மரத்தடி மறைந்திருந்தால் உதிர்ந்த பழம் தெரியாது. அது வெட்டுபவர் குற்றம் அல்ல. 10 முதல் 14 நாளுக்குள் திரும்ப வேண்டிய வெட்டுச் சுற்று ஆள் பற்றாக்குறையால் தள்ளிப்போகிறது என்றால், அடுத்த முறை வருவதற்குள் அழுகிவிடும் என்று அரைப்பழத்தையும் சேர்த்து இறக்குவார்கள். எடைக்குக் கூலி என்றால் கை இன்னும் வேகமாகப் போகும்.

இதையெல்லாம் அறிய ஒரே வழி, குலை அடுக்கும் மேடையருகே, அன்றே, தனியாகக் கேட்பது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'மாமா, இந்த வரிசையில் மூன்று குலை காயாக இறங்கியிருக்கிறது. மரம் உயரமா, கீழே பழம் தெரியவில்லையா?' அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் அரிவாளைத் துடைப்பார், வெற்றிலையைத் துப்புவார், வேறு பக்கம் பார்ப்பார். அந்த அமைதியை நிரப்பவேண்டும் என்று உங்களுக்குத் துடிக்கும், நிரப்பாதீர்கள். 'கண்ணு முன்ன மாதிரி இல்லை தம்பி' என்று ஒருவேளை வரும். அதைத் திட்டி வாங்கியிருக்க முடியாது. அவருக்குக் குட்டை மரப் பகுதியைக் கொடுத்துவிட்டு, கண் மருத்துவரிடம் அனுப்பலாம்.

பகுதி பிரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பாதி மனக்கசப்பு அங்கேதான் பிறக்கிறது. சமதரை, குட்டை மரம், கனத்த குலை யாருக்கு? மேடும் சதுப்பும் உயர மரமும் யாருக்கு? உறவுக்காரர்களுக்கு நல்ல இடம் போனால் மற்றவர்கள் பேசமாட்டார்கள், கணக்கு வைத்துக்கொள்வார்கள். இதற்குப் பயந்து சில புது மண்டோர்கள் சொந்த மாமாவை வேண்டுமென்றே மேட்டுக்கு அனுப்புவதும் உண்டு, அதுவும் அநியாயம்தான். சுற்றுமுறை ஒன்றை எழுதி, பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டுங்கள். வயது, உடல்நிலை காரணமாக விலக்கு வேண்டுமென்றால் அதையும் அங்கேயே எழுதுங்கள். மாமாவை மாமா என்றே கூப்பிடுங்கள், திடீரென்று 'மிஸ்டர்' போடாதீர்கள். முறை சொல்லிக் கூப்பிடுவதால் அதிகாரம் குறையாது. பலகையில் இருப்பதை மாமாவுக்காக அழித்து எழுதினால்தான் குறையும்.

செக்ரோலையும் (ஆட்களின் வருகை, கூலிக் கணக்கு ஏடு) அப்படியே வையுங்கள். மாலையில் ஒவ்வொருவருக்கும் அன்றைய குலை எண்ணிக்கையைக் காட்டிவிட்டு மூடுங்கள். சம்பள நாளில் இருபது ரிங்கிட் குறைந்தால் ஆறு மாத நல்ல பெயர் ஒரே நாளில் போய்விடும். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் இது பொருந்தும் என்பதை உங்கள் ஆட்கள் அறிந்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தோனேசியரும் வங்காளதேசத்தினரும் உங்களிடம் முகம் கோணாமல் தலையாட்டுவார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலர் இங்கு வருவதற்கே கடன் வாங்கியிருப்பார்கள், வேலை போய்விடும் என்ற பயம் எப்போதும் இருக்கும். நம் தாத்தா பாட்டி நின்ற அதே இடம். வங்காளதேசத்தினரை 'ஏய் பங்களா' என்று கூப்பிடுவதை உங்கள் வட்டாரத்தில் முதலில் நிறுத்துங்கள். 24 பேரின் பெயரும் உங்கள் வாயில் இருக்க வேண்டும். மலாய் ஓரளவு தெரிந்த ஒருவரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். வேலையைச் சொன்னபிறகு 'புரிந்ததா' என்று கேட்காதீர்கள், திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போன இருவரில் ஒருவருடைய கைப்பேசி எண்ணாவது கிடைக்கும். ஏன் போனார் என்று கேளுங்கள். திரும்பக் கூப்பிடுவதற்காக அல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் உண்மை வரும்.

நிர்வாகியிடம் கண்டிப்பைப் பற்றி விவாதிக்காதீர்கள், நீங்கள் தோற்பீர்கள். இரண்டு வாரம் பகுதி வாரியாகக் காய்க்குலை எண்ணிக்கை எடுத்துக்கொண்டு போங்கள். 'இந்தப் பகுதியில் சுற்று 20 நாள் ஆகிறது, இங்கே புல் வெட்டவில்லை, காய்க்குலை இந்த இரண்டில்தான் அதிகம்' என்றால் அவரும் கேட்பார். ஆட்கள் சொன்ன குறையை மேலே கொண்டுபோனால், பதிலைக் கீழே கொண்டுவாருங்கள். 'முடியாது' என்றாலும் வந்து சொல்லுங்கள். பதில் வராத இடத்தில் இரண்டாம் முறை யாரும் வாய் திறப்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் வேண்டுமென்றே காய் வெட்டினால், அல்லது குலையை ஒளித்தால், கண்டிக்கத்தான் வேண்டும். அதை வாயால் செய்யாமல் முறைப்படி செய்யுங்கள். தேதி, பகுதி, எண்ணிக்கை, அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். தவறான நடத்தைக்காக வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி முதலில் முறையான விசாரணை நடக்க வேண்டும். விசாரணைக்காக ஒருவரை நிறுத்தி வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது, அந்தக் காலத்துக்கு அரைச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிரக் கூலியில் கைவைக்கவும் முடியாது. 'உனக்கு இன்றைக்குக் கூலி இல்லை' என்று மேட்டில் நின்று சொல்ல எந்த மண்டோருக்கும் அதிகாரம் கிடையாது. அந்த ஒருவர் உங்கள் சொந்த மாமாவாக இருந்தால், குறிப்பேட்டை உதவி நிர்வாகியிடம் ஒப்படைத்துவிடுங்கள். விசாரணையில் சாட்சியாக மட்டும் நில்லுங்கள், தீர்ப்பு சொல்லும் பக்கத்தில் உட்காராதீர்கள்.