நேத்து ஊதா, நாளைக்கு வெள்ளை: வாசகர் கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை வந்ததுல முக்கால்வாசி எஸ்டர்டே டுடே டுமாரோங்கற பூச்செடி பத்திதான். அதனால அதையே முதல்ல எடுத்துக்கறேன்.

ஒரே செடில ஊதாவும் வெள்ளையும் இருக்கு, ஒட்டு போட்டு ஏமாத்திட்டாங்களா? (கடையநல்லூர்)
இல்லைங்க. ஊதாவா விரியும், அடுத்த நாள் வெளிறும், மூணாவது நாள் வெள்ளையாகும். பேர்லயே இருக்கே!

வாசமே இல்ல சார். (புளியரை)
நர்சரில எந்த ஜாதின்னு கேட்டீங்களா? பூ பெருசா இருக்கற பௌசிஃப்ளோரா ஜாதிக்கு வாசம் இல்லன்னே சொல்லலாம். பூத்திருக்கும்போது சாயங்காலமா போய் மோந்து பாத்து வாங்குங்கன்னு எத்தனை தடவை எழுதிட்டேன்.

இலை எல்லாம் மஞ்சளாயிடுச்சு. முட்டை ஓடு, அடுப்பு சாம்பல் எல்லாம் போட்டும் சரியாகல. (தென்காசி)
போட்டதாலதான் அக்கா சரியாகல! யாரோ வீடியோல எல்லா செடிக்கும் முட்டை ஓடு போடுங்கன்னு சொல்லிட்டாங்க, அதுல இருந்து மாசத்துக்கு பத்து பேராவது இதே கேள்வியோட வர்றீங்க, எனக்கு நிஜமாவே வயிறு எரியுது. இது புளிப்பு மண்ணு கேக்கற செடி. முட்டை ஓடு சுண்ணாம்பு, சாம்பல் காரம், நம்ம போர் தண்ணி பல இடத்துல ஏற்கனவே உப்பும் சுண்ணாம்பும், மூணும் சேந்தா மண்ணுல இரும்பு இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. மலைக்கு அந்தப்பக்கம் கேரளால ஆரியங்காவு, புனலூர் போய் பாருங்க, செம்மண்ணும் மழையும் இருக்கு, யாரும் எதுவும் போடாமலே இலை கரும்பச்சையா நிக்கும். புது இலை மஞ்சளா நரம்பு மட்டும் பச்சையா இருந்தா அது இரும்பு குறைதான், பழைய இலைல ஆரம்பிச்சா தழைச்சத்து குறையா இருக்கும், இதை பாக்காம எதையும் ஊத்தாதீங்க. உரக்கடைல ஃபெரஸ் சல்பேட், அதாவது அன்னபேதி, லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு நாலு சொட்டு எலுமிச்சை சாறு விட்டு வெயில் தாழ இலைல அடிங்க, பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. மேல் மண்ண வழிச்சுட்டு இலைமட்கு போடுங்க. மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்தினா ரொம்ப நல்லது. சுண்ணாம்பு வேண்டாம், சாம்பல் வேண்டாம்.

எப்ப கவாத்து பண்ணலாம்? (செங்கோட்டை)
ஒரு சுத்து பூத்து முடிஞ்சதும். மொட்டு வர்ற நேரத்துல வெட்டிட்டு பூக்கலன்னு என்கிட்ட வராதீங்க.

கட்டிங் அழுகிப் போகுது. (ஆரியங்காவு)
இளசும் இல்லாம முத்தலும் இல்லாத குச்சியா அஞ்சாறு இன்ச் எடுங்க, சாரல் சீசன்ல மணல் கலந்து நடுங்க. வேர் விட ரெண்டு மாசம் ஆகும், தினம் பிடுங்கி பாக்கக்கூடாது.

ரங்கூன் மல்லியும் கலர் மாறுதே, அதை தொட்டில வைக்கலாமா? (தென்காசி)
அது கொடி. படர பந்தலோ வாசல் கேட்டோ வேணும், சின்ன தொட்டில வச்சு பாவப்படுத்தாதீங்க. பொழுது சாய வெள்ளையா விரிஞ்சு அந்துப்பூச்சிய கூப்பிடும், மறுநாள் ரோஸ், அப்புறம் சிவப்பு. ராத்திரி வாசத்துக்கு ஜன்னல் பக்கம் ஏத்துங்க. முழு வெயில் வேணும்.

வீட்ல நாய் இருக்கு, எஸ்டர்டே டுடே வைக்கலாமா? (புளியரை)
வேண்டாம். செடி முழுக்க விஷம், காயும் விதையும் ரொம்ப மோசம், நாய்க்கு வலிப்பு வரும். ஏற்கனவே வச்சிருந்தா காய் பிடிச்ச உடனே கிள்ளிடுங்க, வேலி போடுங்க, நாய் தின்னுடுச்சுன்னா வீட்டு வைத்தியம் பாக்காம நேரா கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. தவழற குழந்தை இருக்கற வீட்டுக்கும் இதேதான்.