ரா பாயின்டருக்குப் பாதுகாப்புக் குறிப்பு எழுதுவது எப்படி?

கேள்வி: சி மொழி நூலகம் தரும் ரா பாயின்டரையும் (வெறும் நினைவக முகவரி) நீளத்தையும் வாங்கி, ரஸ்ட் மொழியின் ஸ்லைஸாக (அடுத்தடுத்த உறுப்புகளைச் சுட்டும் ரெஃபரன்ஸ்) மாற்றும் அன்சேஃப் ஃபங்ஷன் (கம்பைலரால் சரிபார்க்க முடியாத நிபந்தனைகளை அழைப்பவரே காக்க வேண்டியது) ஒன்றை எழுதினேன். டாக் கமென்ட்டில் 'கவனமாகப் பயன்படுத்தவும்' என்று போட்டிருந்தேன். கோட் ரிவ்யூவில் போதாது என்று திருப்பிவிட்டார்கள். வேறு என்ன எழுத வேண்டும்?

பதில்: திருப்பியது சரிதான். 'கவனமாக' என்பதை யார், எதை வைத்துச் சரிபார்ப்பது? அழைப்பவர் தன் கோடைப் பார்த்து 'இருக்கிறது', 'இல்லை' என்று சொல்லக்கூடிய நிபந்தனைகளே தேவை. அவற்றை டாக் கமென்ட்டில் 'சேஃப்டி' என்ற தலைப்பின் கீழ் எழுதுவது ரஸ்ட் வழக்கம்.

உங்கள் ஃபங்ஷனுக்குள் ஓடுவது, பாயின்டரையும் நீளத்தையும் ஸ்லைஸாக்கும் ரஸ்ட் ஃபங்ஷனான 'ஃப்ரம்_ரா_பார்ட்ஸ்'. அதன் நிபந்தனைகளில் நீங்களே சோதிக்காத அத்தனையும் அழைப்பவர் தலையில் விழும். பாயின்டர் 'நல்' (எதையும் சுட்டாத வெற்று முகவரி) ஆக இருக்கக் கூடாது. அலைன்மென்ட் (அந்த வகைக்குரிய எண்ணின் மடங்காக முகவரி இருப்பது) சரியாக இருக்க வேண்டும். சொன்ன நீளம் முழுவதும் ஒரே அலகேஷனுக்குள் (ஒருமுறை ஒதுக்கிய நினைவகப் பகுதி) அடங்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பிலும் முறையான மதிப்பு ஏற்றப்பட்டிருக்க வேண்டும். மொத்த பைட்டுகள் 'ஐசைஸ்' என்ற முழுஎண் வகையின் உச்ச மதிப்பைத் தாண்டக் கூடாது.

நீளம் என்பது உறுப்புகளின் எண்ணிக்கை, பைட் கணக்கு அல்ல. இதைக் குறிப்பில் தனியாகவே எழுதுங்கள். தலா 4 பைட் கொண்ட 10 'யூ32' எண்கள் 40 பைட்டுகள். சி பக்கத்திலிருந்து வந்த 40ஐ அப்படியே நீளமாகக் கொடுத்தால், ஸ்லைஸ் 160 பைட்டுகளுக்கு நீண்டுவிடும்.

அடுத்து, காலிப் பட்டியல். பல சி நூலகங்கள் அப்போது நல் பாயின்டரையும் 0 நீளத்தையும் தருகின்றன. நீளம் 0 என்றாலும் 'ஃப்ரம்_ரா_பார்ட்ஸ்' நல் பாயின்டரை ஏற்காது. ரெஃபரன்ஸ் ஒருபோதும் நல் ஆகாது என்று நம்பியே கம்பைலர் 'ஆப்ஷன்' வகையில் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்) 'நன்' (மதிப்பு இல்லை) என்பதை நல் முகவரியின் இடத்தில் வைக்கிறது. எனவே முதல் வரியிலேயே நீளம் 0 என்றால் காலி ஸ்லைஸைத் திருப்பிவிடுங்கள். குறிப்பும் சுருங்கும்: 'நீளம் 0 அல்லாதபோது பாயின்டர் நல் ஆக இருக்கக் கூடாது.'

பெரும்பாலும் விட்டுப்போவது ஆயுட்காலம். ரா பாயின்டரோடு லைஃப்டைம் (அது எதுவரை செல்லும் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறி) வராது; திரும்பும் ஸ்லைஸின் லைஃப்டைமை அழைப்பவர் 'ஸ்டாட்டிக்' (நிரல் முடியும்வரை) என்றுகூட வைத்துக்கொள்ளலாம், கம்பைலர் தடுக்காது. ஆகவே 'ஸ்லைஸ் புழக்கத்தில் இருக்கும்வரை நூலகத்தின் ஃப்ரீ ஃபங்ஷனை அழைக்கக் கூடாது. அந்த நினைவகத்தில் யாரும் எழுதவும் கூடாது' என்று உடைத்துச் சொல்லிவிடுங்கள். எழுதும் தடைக்கு, 'அன்சேஃப்செல்' (பகிர்ந்த ரெஃபரன்ஸ் இருக்கும்போதும் மாற்ற விடும் வகை) உள்ளே இருப்பவை மட்டும் விலக்கு.

கேள்வி: அன்சேஃப் பிளாக்கின் மேல் எழுதும் 'சேஃப்டி' கமென்ட்டும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. டாக் கமென்ட் நிபந்தனை கேட்கிறது. பிளாக் கமென்ட் அது இங்கே எப்படி நிறைவேறியது என்று பதில் சொல்கிறது. 'பாயின்டர் சரியானது' என்பது பதில் ஆகாது. 'பாயின்டரும் நீளமும் மேலே உள்ள அதே வெக்டரிலிருந்து எடுத்தவை. ஸ்லைஸின் கடைசிப் பயன்பாடு வரை வெக்டரை மாற்றவோ விடுவிக்கவோ இல்லை' என்பது பதில். ஒரு பிளாக்கில் ஓர் அன்சேஃப் செயல் போதும். நான்கைத் திணித்தால் எந்தக் காரணம் எதற்கு என்று தெரியாது. ரஸ்ட் மொழியின் 2024 எடிஷனில் (மொழிப் பதிப்பு), அன்சேஃப் ஃபங்ஷனுக்குள்ளேயும் தனி பிளாக் இல்லாவிட்டால் எச்சரிக்கை வரும்.

கேள்வி: இதையெல்லாம் கருவி பார்த்துக்கொள்ளாதா?

பதில்: ஓரளவுக்குத்தான். ரஸ்ட் கோடைச் சரிபார்க்கும் கருவியான கிளிப்பியின் 'மிஸ்ஸிங்_சேஃப்டி_டாக்' லின்ட் (சோதனை விதி) இயல்பாகவே இயங்கும். 'அன்டாக்குமென்டட்_அன்சேஃப்_பிளாக்ஸ்' லின்ட்டை நீங்கள்தான் இயக்க வேண்டும். இரண்டும் குறிப்பு இருக்கிறதா என்றே பார்க்கும், உண்மையா என்று பார்க்காது. ரஸ்ட் 1.78 முதல் டீபக் பில்டில் நல், அலைன்மென்ட் தவறுகள் ஓடும்போதே பிடிபடும். விடுவித்த நினைவகத்தைத் தொடுவதைப் பிடிக்க, ரஸ்ட் கோடை ஓட்டிப் பார்த்துப் பிழை காட்டும் கருவியான மிரியில் டெஸ்ட்களை ஓட்டுங்கள். சி நூலகத்தை அழைக்கும் டெஸ்ட் பொதுவாக அங்கே ஓடாது. ரஸ்ட் வெக்டரிலிருந்து பாயின்டர் எடுத்துக் கொடுத்துச் சோதியுங்கள்.